நின்ற இருதயமும் நம் இரு கைகளும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப தின விழாவில், பங்கின் நலவாழ்வுக் குழுவினர் ஆற்றிய உரை)

 

பொன்விழாக் காலத்தில் மகிழ்ச்சியான பொருளைப் பேசுவதுதான் முறை. நாங்களோ, நன்றாக இருந்த மனிதன் திடீரென்று விழுந்து மூச்சற்றுப் போவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். விழாக் குழுவினர் சற்றுத் தயங்கினார்கள். "சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று ஒருவர் கேட்டார். முன்னாலேயே வைத்துக்கொள்கிறோம் என்றோம். பின்னால் என்றால் பாதிப்பேர் உறங்கிவிடுவீர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் திருவிழாத் தேர்ப்பவனியில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தேர் பாக்டரி மேட்டில் ஏறித் திரும்பும்போது, தோள் கொடுத்தவர்களில் ஒருவர் கையை நெஞ்சில் வைத்தார். அப்படியே முழங்கால் மடிந்து சாய்ந்தார். நமக்கெல்லாம் அண்ணன் போன்றவர். அன்று காலை பந்தல் கால் நட்டவரும் அவர்தான். அவருடைய துணைவியார் இதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

இன்று இக்குழுவில் இருக்கும் எங்களில் நால்வர் அன்று அவரைச் சுற்றி நின்றோம். என்ன செய்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். கை கால் ஒருமுறை வெட்டி இழுத்ததால் வலிப்பு என்று நினைத்து, ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். வாய் திறந்து திறந்து மூடியது. "மூச்சு இருக்கிறது, மூச்சு இருக்கிறது" என்று எல்லாரும் ஆறுதல் அடைந்தோம். கோயில்பிள்ளை சாமியாரை அழைக்க ஓடினார். பிறகு கம்பளியில் போட்டுத் தூக்கி, ஜீப்பின் பின்சீட்டில் மடக்கிப் படுக்க வைத்து, வளைவு வளைவாக இறங்கினோம். முக்கால் மணி நேரம். மருத்துவமனை வாசலில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களைத்தான் பார்த்தார்.

அடக்கம் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து அந்த அம்மா எங்களில் ஒருவரிடம் கேட்டார்கள்: "டி.வி.யில் காட்டுகிறார்களே, நெஞ்சில் அழுத்துவது... அன்றைக்கு நீங்கள் அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இக்குழுவே பிறந்தது. பணி ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் வழிகாட்டினார். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தவர் சேர்ந்தார். தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். கடைசியில் அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். மாரடைப்பு வேறு, இருதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பு என்பது இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. அந்த மனிதர் வலியால் துடிப்பார், வியர்ப்பார், பேசுவார். இருதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவருக்கு நெஞ்சை அழுத்தக் கூடாது. உடனே மருத்துவ உதவிக்குக் கொண்டுபோக வேண்டும். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எனவே நெஞ்சுவலியோடு "வாயு" என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். மலையில் இருக்கும் நமக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இருதயம் நின்றுபோவது அப்படியல்ல. ஆள் நினைவின்றி விழுவார். கூப்பிட்டால், தோளை உலுக்கினால் அசைவிராது. ஒழுங்கான மூச்சு இராது. மாரடைப்பு முற்றியும் இது வரலாம், வேறு காரணத்தாலும் வரலாம். பெரும்பாலும் முதல் நிமிடங்களில் இருதயம் முற்றிலும் அடங்கிவிடுவதில்லை. அதன் கீழறைகள், தாளம் தப்பிய பேண்டு வாத்தியக் கோஷ்டியைப் போல, ஒவ்வொரு தசைநாரும் தன் போக்கில் நடுங்கிக்கொண்டிருக்கும். நடுக்கம் உண்டு, இரத்தம் ஒரு சொட்டும் ஓடாது. அன்று நாம் மூச்சு என்று நினைத்தோமே, அந்த வாய்ப் பிளப்பு மூச்சே அல்ல. மூளை கடைசியாக இழுக்கும் இழுப்பு. இருதயம் நின்றது என்பதற்கு அதுவே அடையாளம். கை கால் வெட்டியதும் வலிப்பல்ல. மூளைக்கு இரத்தம் போகாததால் வந்தது. இந்த இரண்டையும் தெரியாததால்தான் நாம் ஏமாந்தோம்.

இப்படி விழுந்தவருக்கு நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். அதற்குள் இரண்டு காரியம் நடக்க வேண்டும். நெஞ்சை அழுத்தி அழுத்தி, நின்ற இருதயத்தின் வேலையில் ஒரு பங்கை நம் கைகள் செய்ய வேண்டும்; இதைத்தான் சி.பி.ஆர். என்கிறார்கள். பிறகு, மின் அதிர்ச்சி கொடுத்து நடுக்கத்தை அடக்க வேண்டும். அதைச் செய்யும் கருவி டிஃபிப்ரிலேட்டர். கைகள் நேரத்தை வாங்கித் தரும். கருவிதான் இருதயத்தைத் தாளத்திற்குத் திருப்பும்.

இந்த அறிவு மிகப் பழையதும் அல்ல. சூனேம் ஊர்ப் பெண்ணின் மகனுக்காக எலிசேயு இறைவாக்கினர் சிறுவன்மேல் படுத்து வாயோடு வாய் வைத்ததை நாம் அறிவோம். மூச்சு மீட்பின் வரலாற்றை எழுதும் மருத்துவர்கள்கூட அந்தப் பகுதியை மறவாமல் குறிப்பிடுகிறார்கள். ஆனால் வெளியிலிருந்து நெஞ்சை அழுத்தும் முறை 1960-ல்தான் உலகுக்குத் தெரிந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர் அதை வெளியிட்டனர். கோவன்ஹோவன் டாக்டர்கூட அல்ல, மின்பொறியாளர். நாயின் நெஞ்சில் மின்தகடுகளை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் பாயும் முன்பே இரத்த அழுத்தம் ஏறுவதை நிக்கர்பாக்கர் கவனித்தார். அங்கிருந்துதான் இது பிறந்தது. முதல் 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்தனர் என்று எழுதினார்கள். பெரும்பாலும் டாக்டர்கள் பக்கத்திலேயே நிற்கும் இடத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கருவியோ, 1966-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் டாக்டர் பான்ட்ரிட்ஜ் அதை ஆம்புலன்சில் ஏற்றியபோது, கார் பேட்டரிகளோடு சேர்த்து ஏறத்தாழ 70 கிலோ எடை. இன்று ஒரு கையில் தூக்கிப் போகும் பெட்டியாகிவிட்டது.

இனி, நூற்றுக்கு எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?

சினிமாவில் கதாநாயகன் நெஞ்சில் நான்கு குத்து குத்தியதும் அம்மா கண் விழிக்கிறார். உண்மை அப்படியல்ல. அமெரிக்கா போன்ற வசதியான நாட்டிலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே இருதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புவோர் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர். இதைக் கேட்டு, "பத்துத்தானா, இதற்கு எதற்குப் பாடு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். அந்தப் பத்து என்பது எல்லாரையும் சேர்த்த கணக்கு: யாரும் பார்க்காமல் விழுந்தவர், யாரும் கைவைக்காதவர், வண்டி வரத் தாமதமானவர் எல்லாரும் அதில் அடக்கம். கண்ணெதிரே விழுந்து, உடனே கை வைத்து, உடனே கருவி வந்தவர்களின் கணக்கு வேறு.

அதற்குச் சான்று எங்கே கிடைத்தது தெரியுமா? சூதாட்ட விடுதிகளில்! அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருவியைக் கையில் கொடுத்து வைத்தார்கள். அங்கே மூலைக்கு மூலை காமிரா உண்டு. எனவே விழுந்த வினாடி முதல் கணக்கெடுக்க முடிந்தது. 2000-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. கீழறை நடுக்கத்தோடு விழுந்தவர்களில், மூன்று நிமிடத்துக்குள் மின் அதிர்ச்சி கிடைத்தவர்கள் நூற்றுக்கு 74 பேர் பிழைத்தார்கள். மூன்று நிமிடம் தாண்டியவர்கள் 49 பேர். அதிர்ச்சி கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, வாசல் காவலர்கள். சூதாடப் போனவனுக்குக் கிடைத்த வாய்ப்பு தேர் தூக்கப் போனவருக்குக் கிடைக்கவில்லையே என்று எங்களில் ஒருவர் அன்று வாய்விட்டுச் சொன்னார்.

நிமிடக் கணக்கு இதுதான். யாரும் கைவைக்காவிட்டால், கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. அழுத்திக்கொண்டே இருந்தால் குறைவது மூன்று, நான்குதான். ஆகவே பத்து நிமிடம் சும்மா நின்றால் அநேகமாக எல்லாம் முடிந்தது. பத்து நிமிடம் அழுத்தினால் இன்னும் பாதி வழி மீதி இருக்கலாம்.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்று தள்ளிவிட வேண்டாம். டென்மார்க் ஒரு சிறு நாடு. 2001-ல் அங்கே விழுந்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்குத்தான் அருகிலிருந்தவர்கள் கைவைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். ஓட்டுநர் உரிமம் வேண்டுமென்றாலும் கற்க வேண்டும் என்றார்கள். 2010-ல் அது 45 ஆயிற்று. முப்பது நாள் தாண்டி உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு மூன்றரையிலிருந்து பதினொன்றுக்கு அருகில் வந்தார்கள். ஆம்புலன்சும் ஆஸ்பத்திரியும் மேம்பட்டதும் இதில் சேரும் என்பது உண்மைதான். ஆனாலும் சாதாரண மக்களின் கைகள் இல்லாமல் அது நடந்திராது. அதே டென்மார்க்கின் எரிக்சன் என்ற பந்தாட்ட வீரர் 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்ததை நம் இளைஞர்கள் டி.வி.யில் பார்த்திருப்பார்கள். மைதானத்திலேயே அழுத்தினார்கள், மைதானத்திலேயே மின் அதிர்ச்சி. சில மாதங்களில் மறுபடி விளையாடினார்.

நம் மலைக்கு வருவோம். 108 வண்டி 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது பெரும் கொடை. 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கையுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டதும் நமக்குப் பெருமை. குன்னூரில் லாலி ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையிலேயே 19 கிலோமீட்டர்; கூடலூருக்கு ஐம்பது. மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் என்ன ஆகும் என்று அங்கிருந்து வந்திருப்பவர்களைக் கேளுங்கள். லைன் வீட்டிலிருந்து தார்ச் சாலைக்கு வரவே கால் மணி நேரம். எந்த நல்ல ஓட்டுநரும் நான்கு நிமிடத்தில் வந்து சேர முடியாது. வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, மலை அப்படி.

உயரமான ஊரில் வாழ்பவர்கள் முதலில் தங்கள் கைகளையே நம்ப வேண்டும். இது நம் மக்களுக்குப் புதிதா? 2021 டிசம்பர் 8-ல் குன்னூர் நஞ்சப்பசத்திரத்துக்கு அருகே இராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது முதலில் ஓடியவர்கள் அந்தக் குடியிருப்பு மக்கள். குடத்தில் தண்ணீர், வீட்டுக் கம்பளி, இவற்றோடு நெருப்பின் பக்கம் போனார்கள். மனம் நம்மிடம் இருக்கிறது. முறைதான் தெரிய வேண்டும். 1970-களில் உபாசி நடத்திய தொழிலாளர் நலத் திட்டம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்களிலேயே சிலரை 'லிங்க் ஒர்க்கர்' என்று தேர்ந்து, அண்டை வீடுகளுக்கு உடல்நலச் செய்தியைக் கொண்டுபோக வைத்தார்கள். அதே வழியில், அன்பியத்துக்கு இருவர் நெஞ்சழுத்தம் கற்றால் போதும் என்பது எங்கள் எண்ணம்.

முறை கடினமல்ல. ஆள் அசையவில்லை, ஒழுங்கான மூச்சில்லை என்றால் ஒருவர் 108-க்குப் பேச, ஒருவர் கருவிக்கு ஓட, ஒருவர் உடனே தொடங்க வேண்டும். மெத்தையில் அல்ல, கெட்டியான தரையில் மல்லாத்தி, நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகம், அதன்மேல் மறுகை, முழங்கை மடங்காமல், வளர்ந்தவர்களுக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். வீரம் காட்டி ஒருவரே அழுத்தினால் அழுத்தம் குறைந்துவிடும். வாயோடு வாய் வைக்கத் தயங்குபவர்களுக்காக, நம் நாட்டு மயக்கமருந்து டாக்டர்களின் சங்கம் 2017-ல் அழுத்தம் மட்டும் போதும் என்ற எளிய முறையை வகுத்திருக்கிறது. நீரில் மூழ்கியவருக்கும் சிறு குழந்தைக்கும் மூச்சும் கொடுப்பது அவசியம். அதைத் தனியே பழகிக்கொள்ளலாம்.

"விலா எலும்பு முறியாதா?" முறியலாம். முறிந்த எலும்பு கூடிவிடும். "தப்பாகச் செய்து கொன்றுவிட்டால்?" இருதயம் நின்றவரை நாம் மேலும் என்ன கொல்ல முடியும்? "போலீஸ் கேஸ் வருமே?" சாலை விபத்தில் உதவுபவரை அலைக்கழிக்கக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே ஆணையிட்டது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்ந்தது. கோயில் முற்றத்தில் விழுந்தவருக்குக் கை கொடுப்பதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. பெண் விழுந்தால் ஆண் கை வைக்கலாமா என்பதுதான் எங்களிடம் அதிகம் பேர் தனியாகக் கேட்ட கேள்வி. எங்கள் குழுவிலிருக்கும் பெண்களே பதில் சொன்னார்கள்: "நாங்கள் விழுந்தால் வையுங்கள்."

சாமியாரை அழைக்க ஓடலாமா என்றும் கேட்டார்கள். ஓடுங்கள். நோயில்பூசுதல் கொடுப்பதற்கு அழுத்துபவர் இடையூறல்ல. நெற்றியும் கைகளும் போதும் என்று நம் பங்குத்தந்தையே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். புற்றுநோய் முற்றி, மாதக்கணக்கில் படுக்கையிலிருந்து, குடும்பத்தார் சூழ அமைதியாகப் போகும் பாட்டிக்கு இது உரியதல்ல. அங்கே பிழைக்கும் வாய்ப்பு மிக மிகச் சொற்பம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்லுங்கள். நாங்கள் பேசுவது, நின்றுகொண்டிருந்து விழுபவர்களைப் பற்றி.

அடுத்து, சிலருக்குப் பிடிக்காத விஷயம். கைகள் நேரத்தை வாங்கித் தரும் என்றோம். கருவி முக்கால் மணி நேரத்துக்கு அப்பால் இருந்தால், வாங்கிய நேரம் வீணாகலாம். ஆகவே கருவி இங்கே வேண்டும். ஏ.இ.டி. என்கிற அந்தப் பெட்டி தானே பேசும், தானே இருதயத்தைச் சோதிக்கும், தேவையில்லாவிட்டால் அதிர்ச்சி கொடுக்காது. விலை லட்ச ரூபாய் அளவில். ஒட்டும் தகடுகளுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. மாற்றச் செலவு வரும். சாதாரணமாக இவ்வகைப் பெட்டிகளை உறைநிலைக்குக் கீழே வைக்கக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாகும் நம் ஊரில் கெபியில் வைக்க முடியாது, பாடகர் அறைக்குள்தான் வைக்க வேண்டும், பூட்டாமல். பொன்விழா நினைவாக நுழைவு வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. வளைவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வளைவை ஓரடி குறைத்துக் கட்டினால் பெட்டிக்குக் காசு வந்துவிடும் என்று பங்குப் பேரவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் முடிவாகவில்லை.

இனி அந்த அம்மாவின் கேள்வி. அவர்களிடம் வீட்டுக்கே போய்ச் சொன்னதைத்தான் இங்கும் சொல்கிறோம். பிழைத்திருப்பார் என்று எங்களால் சொல்ல முடியாது. அழுத்தியிருந்தாலும், கருவி இல்லாத முக்கால் மணி நேரப் பாதையில், பிழைக்காமல் போகவே அதிக வாய்ப்பு. ஆனால் கண்ணெதிரே விழுந்தவர், நடுவயதினர், சுற்றிலும் நூறு பேர். பெட்டியும் அங்கே இருந்திருந்தால், அவர் பிழைக்கக்கூடியவர்களின் வரிசையில் நின்றவர். அந்த வாய்ப்பை நாங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. தெரியாமல்தான் கொடுக்கவில்லை. இதைச் சொன்னபோது அந்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து தேநீர் போட்டார்கள். அடுத்த வாரம் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்தவர்களும் அவர்களே. இன்று நம் பங்கில் மிக ஒழுங்காக அழுத்தத் தெரிந்தவர் யாரென்று கேட்டால், எங்கள் நர்ஸ் அவர்களைத்தான் காட்டுகிறார்.

போதும், பேசியது அதிகம். முன்வரிசைப் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிப் போடுங்கள். பொம்மைகள் இரண்டு கொண்டுவந்திருக்கிறோம். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வாருங்கள், இரண்டு நிமிடத்தில் வியர்த்துவிடும். தேர் தூக்கும் இளைஞர்கள் முதலில்.